கண்ணகியோடு ஓர் ஆண்டு: ஒரே நூலைப் படித்து, சமைத்து, நடந்து கற்கும் வீட்டுக்கல்விக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு குமுளியில் இருக்கிறது. சோதனைச் சாவடியைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் தமிழ்நாட்டு பஸ்கள் நிற்கும் இடம் வந்துவிடும். நான் பிறந்து வளர்ந்தது கம்பத்தில், வாழ்க்கைப்பட்டது இங்கே. பன்னிரண்டு வயது மகளும் எட்டு வயது மகனும் வீட்டிலேயே படிக்கிறார்கள். இது நான்காம் ஆண்டு.

முதல் இரண்டு ஆண்டுகள் வாரம் ஒரு புத்தகம் என்று ஓடினோம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பலகாரம், ஒரு வண்ணத்தாள் கிரீடம், ஒரு படம். ஆண்டு முடிவில் கேட்டபோது பிள்ளைகளுக்குக் கிரீடம் நினைவிருந்தது, கதை நினைவில் இல்லை. மூன்றாம் ஆண்டில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சிலப்பதிகாரம் ஒன்றை மட்டும் எடுத்தோம். ஜூனில் தொடங்கி சித்திரைப் பௌர்ணமியில் முடித்தோம். அந்த ஓர் ஆண்டில் அவர்கள் கற்றது முந்தைய இரண்டு ஆண்டுகளில் கற்றதைவிட அதிகம் என்று துணிந்து சொல்வேன். அதை எப்படிச் செய்தோம் என்பதை, நீங்களும் செய்யும்படியாக, வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் சட்டம் பற்றி இரண்டு வரி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றியது. அதன் 10ஆம் பிரிவு பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக எதுவும் பேசவில்லை. இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுங்கள். சான்றிதழுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது நிறைந்தால் அதில் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுதலாம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு.

1. உங்கள் மண்ணைத் தொடும் நூலைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நூலைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் அந்த நூலில் வரும் இடம் ஏதாவது இருக்கிறதா? அதில் மனிதர்கள் சாப்பிடுகிறார்களா? வாய்விட்டுப் படித்தால் எட்டு வயதுப் பிள்ளை கேட்டுக்கொண்டு உட்காருமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதுதான் உங்கள் நூல்.

எங்களுக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரை வழியே மேற்கே நடந்து மலையேறினாள் என்கிறது காவியம். அந்த மலை இதுதான் என்று எங்கள் பள்ளத்தாக்கே நம்புகிறது. மங்கலதேவி மலையில் கண்ணகி கோட்டமும் நிற்கிறது. காவியத்தில் வரும் நெடுவேள் குன்றம் எது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதையும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டேன். நம்பிக்கை ஒன்று, நிறுவப்பட்டது வேறொன்று என்பது பன்னிரண்டு வயதில் தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

இந்த நூலுக்கு எல்லைப்புறத்தில் இன்னொரு சிறப்பும் இருக்கிறது. எழுதிய இளங்கோவடிகள் சேர நாட்டு இளவரசர் என்பது மரபு. அதனால் அடுத்த வீட்டு மலையாளச் சேச்சிக்கும் இது சொந்தக் கதை. கொடுங்ஙல்லூர் பகவதியைக் கண்ணகியாகவே அவர் கும்பிடுகிறார். ஆந்திர எல்லையில் திருத்தணி, திருப்பதிப் பக்கம் இருப்பவர்களுக்கும் இந்நூல் பொருந்தும். காடுகாண் காதை என்னும் பகுதியில் வேங்கட மலையில் நிற்கும் திருமால் வருகிறார்.

2. மூலத்தைக் கையில் வையுங்கள்

சுருக்கிய கதைப் புத்தகத்தை மட்டும் வாங்கி நிறுத்திவிடாதீர்கள். இதில் நான் கண்டிப்பானவள். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அலைந்து 1892இல் அச்சிட்ட நூல் இது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் இலவசமாகக் கிடைக்கும்போது பிள்ளைக்கு மூலத்தின் ஓசையைக் கேட்கக் கொடுக்காமலிருப்பது அநியாயம். ந.மு.வேங்கடசாமி நாட்டார் உரையோடு ஒரு பிரதி வாங்கிக்கொண்டால் பெற்றோருக்குக் கைத்தடி போல உதவும்.

பொருள் புரியுமா என்று பயப்பட வேண்டாம். நான் செய்வது இதுதான்: அன்றைய பகுதியின் கதையை முந்தின இரவு படுக்கையில் என் சொற்களில் சொல்லிவிடுவேன். காலையில் மூலத்திலிருந்து பத்துப் பதினைந்து வரிகளை மட்டும் வாய்விட்டுப் படிப்பேன். கதை ஏற்கெனவே தெரிவதால் சொற்கள் தாமாகத் திறந்துகொள்ளும். குன்றக் குரவையில் ‘சிறுகுடியீரே சிறுகுடியீரே’ என்று குறவர்கள் கூவுகிற இடத்தை என் மகன் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டு மொட்டை மாடியிலிருந்து தெருவைப் பார்த்துக் கூவிக்கொண்டிருந்தான்.

3. ஆண்டை மூன்றாகப் பிரியுங்கள்

புகார்க் காண்டத்தில் 10, மதுரைக் காண்டத்தில் 13, வஞ்சிக் காண்டத்தில் 7 என மொத்தம் 30 காதைகள். நாங்கள் ஜூன் 19இல் தொடங்குகிறோம். அன்று கேரளத்தில் வாசிப்பு தினம். ஊர் ஊராக நூலகம் தொடங்கிய பி.என்.பணிக்கர் 1995இல் மறைந்த நாள். எங்கள் பகுதி நூலகத்தில் அன்று பிள்ளைகள் கூடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகள் இருவர் தமிழில் படித்தால் மகிழ்ந்து கேட்பார்கள்.

வெளியே தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் புகார்க் காண்டம். வெளியே போக முடியாத காலத்துக்குக் கடற்கரை விழாவும் யாழும் ஆடலும் நல்ல துணை. அரங்கேற்று காதையில் இசை, கூத்து இலக்கணம் அடர்ந்து வரும். சிறு பிள்ளைகளுக்கு அதைப் பாதியோடு நிறுத்திவிடலாம், தவறில்லை. கார்த்திகையில் மதுரைக் காண்டத்தைத் தொட்டால் கொலைக்களக் காதை தை மாதத்தில் வரும். அப்படி வரவேண்டும் என்பதற்காகவே கணக்குப் போட்டேன், ஏனென்றால் அந்தக் காதைக்குப் பலாக்காய் வேண்டும். மாசி முடிய மதுரைக் காண்டம், பங்குனியிலும் சித்திரையிலும் வஞ்சிக் காண்டம்.

4. ஒரு நாளின் நடை

காலை ஒரு மணி நேரம் நூல். படிப்பது, கேட்பது, பிறகு ஐந்து வரியைப் பார்த்து எழுதுவது. மகள் அந்த ஐந்து வரிக்குத் தன் சொற்களில் பொருள் எழுதுவாள். மகன் படம் வரைந்து கீழே ஒரே ஒரு வாக்கியம் எழுதுவான்.

கணக்குக்குத் தனிப் புத்தகம்தான். இலக்கியத்திலிருந்து பின்னம் கற்றுக்கொடுக்கலாம் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களை வைத்து நாள்தோறும் முக்கால் மணி நேரம் கணக்குப் போடுகிறோம். ஆனால் நூல் தானாகக் கணக்கைக் கொண்டுவரும் இடங்களை விடக்கூடாது. நாடுகாண் காதையில், புகாரை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்ததுமே களைத்துப்போன கண்ணகி மதுரை எது என்று கேட்கிறாள். ‘ஆறைங் காதம்’தான், பக்கம்தான் என்கிறான் கோவலன். ஆறைந்து முப்பது. முப்பது காதத்தைப் பக்கம் என்று சொல்லி அழைத்துப் போயிருக்கிறான். பூம்புகாரிலிருந்து மதுரை வரை வரைபடத்தில் நூல் வைத்து அளந்து, முப்பதால் வகுத்து, ஒரு காதம் எவ்வளவு என்று மகள் கண்டுபிடித்தாள். பிறகு நோட்டிலிருந்து நிமிர்ந்து, “அவன் பொய் சொன்னானா, ஆறுதல் சொன்னானா அம்மா?” என்று கேட்டாள். அன்று கணக்கு வகுப்பு அத்தோடு நின்றது. அந்தக் கேள்வியைத்தான் மதியம் வரை பேசினோம்.

அறிவியலும் அப்படித்தான். ஆய்ச்சியர் குரவையின் தொடக்கத்தில் தீய குறிகள் வருகின்றன: குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை. பால் ஏன் உறையாமல் போகும்? குமுளி சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாத இரவுகளில் இங்கே தயிர் தோய்வதே பெரும்பாடு. ஒரே பாலை மூன்று கிண்ணத்தில் ஊற்றி, ஒரே அளவு உறைமோர் விட்டு, ஒன்றை அடுப்புத் திண்ணையிலும் ஒன்றை அரிசிப் பானைக்குள்ளும் ஒன்றைத் திறந்த திண்ணையிலும் வைத்தோம். காலையில் திண்ணைக் கிண்ணம் பாலாகவே இருந்தது. அரிசிக்குள் புதைத்தது கட்டித் தயிர். உறையூட்டும் நுண்ணுயிர்களுக்குச் சூடு வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது.

மலையாளத்தைத் தனிப் பாடமாக வைக்கவில்லை. கடைப் பலகைகளிலும் பஸ் பலகைகளிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்; மாலையில் தெருப் பிள்ளைகளோடு விளையாடும்போது பேச்சு வந்துவிடுகிறது. ஒரு சொல் அட்டவணை மட்டும் சுவரில் தொங்குகிறது. ‘கறி’ என்றால் காவியத்தில் மிளகு, சேச்சி வீட்டில் குழம்பு வகை, கம்பத்து அப்பத்தா வாயில் ஆட்டிறைச்சி. ஒரு சொல் மலையேறி இறங்கி மூன்று பொருளாகியிருப்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்து எழுதினார்கள்.

5. நூலில் இருப்பதைச் சமையுங்கள்

விருந்து என்றால் தோரணமும் வண்ணமும் தேவையில்லை. நூல் என்ன சொல்கிறதோ அதைச் சமைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்டுக்கு நான்கு விருந்துகள் போதும். அவற்றுள் கொலைக்களக் காதையின் உணவை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முழுக் காவியமும் அந்த இலையைச் சுற்றித்தான் திரும்புகிறது.

மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில், மாதரி என்னும் ஆயர்குலப் பெண் கொடுத்த வீட்டில், கண்ணகி கோவலனுக்குச் சமைக்கிறாள். என்னென்ன கொடுக்கப்பட்டன என்று பட்டியலே இருக்கிறது: கோளிப்பாகல், வாள்வரிக் கொடுங்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி, ஆயர் வீட்டுப் பால். முதல் முறை நான் உரையைப் பார்க்காமல் பாகற்காய் வாங்கிவந்துவிட்டேன். கோளி என்றால் பூ வெளியே தெரியாமல் காய்க்கும் மரம், கோளிப்பாகல் பலா. வாள்வரிக் கொடுங்காய், கோடு விழுந்து வளைந்த வெள்ளரிக்காய். ஆகவே கடைக்குப் போகும் முன் உரையைப் படியுங்கள். பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுத்து இது என்ன காய் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் அதுவே அரை நாள் பாடம்.

சமையலுக்கு ஒரே ஒரு விதி வைத்தேன்: கோவலன் காலத்தில் இந்த மண்ணில் இல்லாத எதுவும் அடுப்பில் ஏறக்கூடாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் வழியாக வந்தவை. 15ஆம் நூற்றாண்டு முடியும்வரை இங்கே யாரும் கண்டதில்லை. மரவள்ளிக் கிழங்கும் அப்படித்தான். கப்பை இல்லாத கேரளம் ஒன்று இருந்ததா என்று மகன் நம்பவே மாட்டேன் என்றான். சேச்சியே உட்கார்ந்து, திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில்தான் அது பரவலாயிற்று என்று விளக்க வேண்டியிருந்தது. காரத்துக்கு மிளகு. அது எங்கள் ஊரிலேயே காய்க்கிறது.

கண்ணகி எதைச் சமைத்தாள் என்று இளங்கோ சொல்கிறார், எப்படி என்று சொல்லவில்லை. அதனால் நாங்கள் செய்யும் முறை இது. இளம் பலாக்காயை, இங்கே இடிச்சக்கை என்பார்கள், வெட்டும் முன் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் அதன் பால் இரண்டு நாளைக்குப் போகாது. முள் தோலைச் சீவி, துண்டாக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, அம்மியில் லேசாகத் தட்டிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் சீரகம், கறிவேப்பிலை தாளித்து, தட்டிய பலாவைப் போட்டுப் பிரட்டி, இறக்கும்போது தேங்காய்த் துருவலும் பொடித்த மிளகும் தூவினால் போதும். வெள்ளரிக்காயை வேகவைத்து, மிளகு, சீரகம், தேங்காய் அரைத்து விட்டு, கடைசியில் கடைந்த மோர் ஊற்றி, கொதிக்கும் முன் இறக்குங்கள்.

மாதுளங்காய்க்குப் பெரும்பாணாற்றுப்படை கைகொடுத்தது. மாதுளையின் பசுங்காயை வெண்ணெயில் வதக்கி, மிளகும் கறிவேப்பிலையும் கலந்த உணவு ஒன்று அதில் வருகிறது. பழுக்காத காய் கடையில் கிடைக்காது. மரம் உள்ள வீட்டில் கேட்டு வாங்க வேண்டும். துவர்ப்பும் புளிப்புமாக இருக்கும். என் பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை, நான் வற்புறுத்தவும் இல்லை.

நறுக்குவதை மகளிடம் விட்டேன். கண்ணகி வளைந்த வாயுடைய அரிவாள்மணையில் காய் அரிந்தாள், மெல்லிய விரல் சிவந்தது, முகம் வியர்த்தது, கண் சிவந்தது என்று மூலம் சொல்கிறது. கப்பல் வணிகர் வீட்டுப் பெண்ணுக்கு அதுவரை அடுப்படி வேலை பழக்கமில்லை. கம்பத்திலிருந்து அப்பத்தாவின் அரிவாள்மணையை வரவழைத்திருந்தோம். மகள் ஒரு காலை மணைமேல் மடக்கி உட்கார்ந்து, வெள்ளரிக்காயை இரண்டு கையாலும் பிடித்து அலகில் அழுத்தினாள். முதல் நான்கு வில்லைகள் கோணலாக விழுந்தன. அரை மணி நேரத்தில் ஆள்காட்டி விரலின் உட்பக்கம் உண்மையிலேயே சிவந்துவிட்டது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்” என்றாள். உரை எழுதியவர் எவரும் அவளுக்கு இதைவிட நன்றாக விளக்கியிருக்க முடியாது.

பரிமாறும் முறையும் நூலில் இருக்கிறது. கோவலன் பனையோலைத் தவிசில் உட்காருகிறான். கண்ணகி தரையில் நீர் தெளித்துக் கையால் தடவி, ‘குமரி வாழையின் குருத்தகம்’ விரிக்கிறாள். இதுவரை குலை ஈனாத வாழையின் குருத்திலை. கோவலன் சாவக நோன்பி, அதாவது சமண நோன்பு காக்கும் இல்லறத்தான் என்பதால் உணவு பகலிலேயே முடிந்துவிட வேண்டும். நாங்களும் பொழுது சாயும் முன் சாப்பிட்டோம். அன்று மாலை விளக்கு வைத்ததும் மீதிக் காதையைப் படித்தேன்: வெற்றிலை வாங்கிக்கொண்டு, ஒரு சிலம்போடு தெருவில் இறங்குகிறான், பொற்கொல்லனைச் சந்திக்கிறான், வெட்டப்படுகிறான். மகன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “நாம் சாப்பிட்டதைத்தானே அவனும் சாப்பிட்டுவிட்டுப் போனான்” என்றான்.

மற்ற மூன்று விருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜூனில் காவியத்துக்குள் நுழையும் முன் புறநானூற்றில் கபிலர் பாடிய பறம்பு மலைப் பாட்டைப் படித்து, உழாமலே விளையும் நான்கையும் வைத்தோம்: மூங்கிலரிசி, பலாச்சுளை, வள்ளிக்கிழங்கு, தேன். ஆய்ச்சியர் குரவைக்குத் தயிரும் வெண்ணெயும் நாங்கள் தோய்த்து, கடைந்து எடுத்தவை. கூடவே குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய தீம்புளிப்பாகர். முற்றிய தயிரை விரலால் பிசைந்து மனைவி சமைத்ததை இனிது என்று கணவன் உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்ந்த பாட்டு அது. புலவர் கம்பத்துப் பக்கம் இருக்கும் நம் கூடலூர்க்காரரா என்று பிள்ளைகள் துள்ளினார்கள். தமிழகத்தில் கூடலூர்கள் பல உண்டு என்பதை அப்போதே சொல்லிவிட்டேன். நான்காவது, குன்றக் குரவைக்குத் தினைமாவும் தேனும்.

6. பட்டியலோடு சந்தைக்குப் போங்கள்

செலவே இல்லாத சிறந்த வெளிப்பயணம் இதுதான். காட்சிக் காதையில் மலைவாழ் மக்கள் சேரன் செங்குட்டுவனுக்குக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். யானைத் தந்தம், அகில், சந்தனம், தேன் என்று நீளும் அந்த வரிசையில் ‘ஏல வல்லியும் இருங்கறி வல்லியும்’ வருகின்றன, ஏலமும் மிளகும். தேங்காய், மாங்கனி, பலாப்பழம், கரும்பு, கமுகங்குலை, வாழைத்தார் எல்லாம் உண்டு. அந்தப் பகுதியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு குமுளிக் கடைத்தெருவில் இறங்கினோம். கிடைப்பதற்கு எதிரே டிக், கிடைக்காததற்கு எதிரே ஏன் கிடைக்கவில்லை என்ற குறிப்பு. தந்தம் ஏன் விற்கப்படக்கூடாது என்பதை மகன் கடைக்காரரிடமே கேட்டு எழுதினான்.

‘கூவை நூறு’ என்ற சொல்லில் இருவரும் திகைத்து நின்றார்கள். நூறு என்றால் மாவு. கூவைக்கிழங்கு மாவு. மசாலாக் கடையில் மகள் தயங்கியபடி கேட்டதும் கடைக்காரர், “கூவப்பொடியா?” என்று சொல்லி ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். கேரளத்தில் திருவாதிரைக்குக் கூவை காய்ச்சுவது இன்றும் வழக்கம். தமிழ்நாட்டுப் பக்கம் பெரும்பாலும் மறந்துபோன ஒரு சொல், எல்லைக்கு இந்தப் பக்கம் பொட்டலத்தின்மேல் அச்சாகிக் கிடந்தது. மகள் அந்த உறையை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

நேரம் இருந்தால் ஏலம் காயவைக்கும் கூடத்துக்கும் போய் வாருங்கள். பச்சைக் காய் உள்ளே போய், நிறம் மாறாமல் உலர்ந்து வருவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். அறுவடைக் காலத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

7. பயணங்கள்: படித்த பிறகு மட்டும்

எந்த இடத்துக்கும் அந்தக் காதையைப் படிக்கும் முன் போகக்கூடாது. முன்னால் போனால் அது உல்லாசப் பயணம், நொறுக்குத் தீனிதான் நினைவிருக்கும்.

முதலில் தேக்கடி. பேரியாற்றுக் கரையில் செங்குட்டுவன் தங்கியிருந்தபோதுதான் புலவர் சாத்தனார் அவனுக்குக் கண்ணகியின் கதையைச் சொல்கிறார். மலையைக் குறுக்கிட்டு ஓடும் அந்த ஆறு திருமால் மார்பில் கிடக்கும் ஆரம் போலிருந்தது என்கிறது காவியம். படகு டிக்கெட்டை முன்பதிவு செய்யுங்கள். காலை முதல் படகு நல்லது, விலங்குகள் கரைக்கு வரும், கூட்டம் பேசாது. உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகளுக்கு நீங்களே இறுக்கிக் கட்டிவிடுங்கள். நீருக்கு மேல் கருத்த மரமுண்டங்கள் நிற்பதைக் காட்டுங்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து காடு மூழ்கியபோது இருந்த மரங்களின் மிச்சம் அவை. காவியம் பாடிய ஆறு நமக்குக் கீழே மூழ்கிக் கிடக்கிறது என்று சொன்னபோது பிள்ளைகள் படகின் ஓரத்தில் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்தது லோயர் கேம்ப். குமுளி மலைப்பாதையில் இறங்கும்போதே மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் தெரியும். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் ஜான் பென்னிகுயிக். 1887இல் தொடங்கிய வேலை அது. லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த ஜனவரி 15இல் பள்ளத்தாக்கு மக்கள் அங்கே பொங்கல் வைக்கிறார்கள். நாங்கள் அன்றுதான் போகிறோம். இந்த நீர் கம்பம் வயல்களைக் கடந்து வையையில் கலந்து மதுரைக்குப் போகிறது. கண்ணகி வையைக் கரையோடு நடந்து வந்த வழியில் இன்று எங்கள் மலை நீர் எதிர்த் திசையில் நடக்கிறது. இதை வரைபடத்தில் நீலப் பென்சிலாலும் சிவப்புப் பென்சிலாலும் வரையச் சொல்லுங்கள்.

மதுரைப் பயணத்தை பஸ்ஸில்தான் செய்ய வேண்டும், ஜன்னல் ஓரத்தில். குமுளியிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். கண்ணகிக்குப் பதினான்கு நாள் ஆயிற்று என்கிறது காவியம். நாளுக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று மகன் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் வகுத்துவிட்டான். கிழக்கு வாயிலில் கணவனோடு புகுந்தேன், மேற்கு வாயிலில் தனியே போகிறேன் என்று அவள் சொல்லும் வரிகளை மதுரையின் மேற்குப் பக்கம் நின்று படித்தோம். தெருவில் பெரும் இரைச்சல். இருந்தாலும் இருவரும் அசையாமல் கேட்டார்கள்.

நடுகற் காதைக்கு நாங்கள் எங்கும் போகவில்லை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்களின் படத்தை எடுத்துவைத்து, அதிலுள்ள தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகளைப் பார்த்து எழுதினோம். ஒரு கல்லில் ‘கூடல் ஊர் ஆகோள்’ என்றிருக்கிறது. ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்கு நட்ட கல். செங்குட்டுவன் இமயம் வரை கல்லுக்குப் போன கதையைப் படித்த கையோடு இதைக் காட்டினால் நடுகல் என்பது என்னவென்று பிடிபடும்.

கடைசியாக, கண்ணகி கோட்டம். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் ஆண்டில் சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும்தான் அனுமதி. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. அந்த ஆண்டின் நேரமும் விதிகளும் சில நாட்களுக்கு முன் செய்தித்தாளில் வரும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். தமிழ்நாட்டுப் பக்கம் லோயர் கேம்ப் அருகே பளியன்குடியிலிருந்து காட்டுவழியாக ஆறேழு கிலோமீட்டர் ஏற்றம். பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் ஜீப்பே சரி. விடியுமுன் வரிசையில் நில்லுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அனுமதி இல்லை. எவர்சில்வர் பாட்டில், தொப்பி, அவல், வாழைப்பழம் போதும். மேலே நிழல் குறைவு, வெயில் காந்தும்.

வழியில் வனத்துறைக் காவலர் ஒருவர் வேங்கை மரத்தைக் காட்டினார். பட்டையில் பழைய காயம் ஒன்றிலிருந்து பிசின் வழிந்து, ரத்தம் உறைந்தது போலக் கருஞ்சிவப்பாகக் காய்ந்திருந்தது. ஒரு முலை இழந்து வேங்கை நிழலில் வந்து நின்றவளைக் குறவர்கள் கண்டார்கள் என்ற இடத்தை நான் நினைவூட்டத் தேவைப்படவில்லை. மகள் அந்தப் பட்டையில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டாள். மேலே சிதைந்த கற்சுவர்கள், ஒரு சன்னதியில் தமிழில் பூசை, இன்னொன்றில் கேரள முறையில். விளிம்பில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு முழுதும் பச்சையாகக் கீழே விரிந்து கிடக்கிறது.

8. கடினமான பக்கங்களை மறைக்காதீர்கள்

கோவலன் மாதவியிடம் போனதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். “மனைவியை விட்டுவிட்டு வேறொரு பெண்ணோடு வாழப் போனான், கண்ணகிக்கு அது மிகவும் வலித்தது” என்று நேராகச் சொன்னேன். அவ்வளவு போதுமாக இருந்தது.

மதுரை எரியும் இடம் வேறு மாதிரி. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் சேர் என்று கண்ணகி தீயிடம் சொல்கிறாள். “அப்படியானால் காய்கறி விற்றவர்?” என்று கேட்டான் மகன். என்னிடம் பதில் இல்லை, இல்லை என்றே சொன்னேன். அடுத்த நாள் வழக்குரை காதையை வீட்டில் நடித்தோம். மகள் கண்ணகி, அவர்கள் அப்பா பாண்டியன், மகன் வாயிற்காவலன். சிலம்பை உடைத்தால் உள்ளே மாணிக்கமா முத்தா என்பதுதான் சான்று. ஒரே ஒரு கேள்வியை முன்பே கேட்டிருந்தால் ஓர் உயிர் போயிருக்காது என்பதை மன்னன் வேடத்திலிருந்த அப்பாவே உணர்ந்து தலைகுனிந்தார்.

9. எழுதி வையுங்கள்

ஒரே ஒரு தடித்த நோட்டு. தேதி, காதை, ஐந்து வரி, படம், சமைத்தது, போன இடம், பஸ் டிக்கெட், கூவைப்பொடி உறை. 14 வயதில் தேர்வுக்குப் பதியும்போது பிள்ளை என்ன படித்தது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரியும். உறவினர் கேட்கும்போது வாதாடவும் வேண்டாம். நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தால் போதும். கம்பத்து அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மாலை முழுக்கப் படித்துவிட்டு, பலாக்காய்ப் பக்கத்தில், “புளி கொஞ்சம் சேர்த்திருக்கலாம்” என்று தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்.

வருகிற ஜூன் 19க்கு மணிமேகலையை எடுக்கலாம் என்கிறாள் மகள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அதில் வருவதால் எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டியிருக்கும் என்று மகன் இப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிட்டான்.